வெற்றிடக் குழாய்ப் பெருக்கியும் அலையியற்றியும்: சுற்றுப் பகுப்பாய்வும் வடிவமைப்பும்

வெற்றிடக் குழாய் என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடி அல்லது உலோகக் கூட்டினுள் எதிர்மின்னிகளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியாகும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது பெரும்பாலும் வால்வு என்ற பெயரிலேயே அறியப்பட்டது. வால்வு ரேடியோ என்ற சொல் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். ஒரே குழாய் ஒரு சுற்றில் சிறிய குறிகையைப் பெரிதாக்கும் பெருக்கியாகவும், இன்னொரு சுற்றில் வெளியிலிருந்து குறிகை ஏதுமின்றித் தானே அலையை உண்டாக்கும் அலையியற்றியாகவும் வேலை செய்கிறது. இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பது வழக்கம். உண்மையில் வெளியீட்டின் எவ்வளவு பங்கு, எந்தக் கட்டத்தில் உள்ளீட்டுக்குத் திரும்புகிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது.

மும்முனைக் குழாயும் அதன் மூன்று மாறிலிகளும்

ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904 இல் உருவாக்கிய இருமுனைக் குழாயில் சூடாக்கப்பட்ட எதிர்மின்வாயும் அதிலிருந்து வெளிப்படும் எதிர்மின்னிகளை ஈர்க்கும் நேர்மின்வாயும் மட்டுமே இருந்தன. 1906 இல் லீ டி பாரஸ்ட் இவ்விரண்டுக்கும் இடையே கிரிட் எனப்படும் கம்பிவலை ஒன்றைச் சேர்த்தார். கிரிட் எதிர்மின்வாய்க்கு மிக அருகில் இருப்பதால், அதில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் நேர்மின்வாயில் ஏற்படும் பெரிய மாற்றத்துக்கு ஈடான விளைவைத் தருகிறது. கிரிட் எதிர் மின்னழுத்தத்தில் வைக்கப்படும் வரை அதில் மின்னோட்டம் அநேகமாகப் பாய்வதில்லை. ஆகவே குறிகை மூலத்திலிருந்து திறன் எதையும் எடுக்காமலேயே பெருக்கம் நடக்கிறது.

ஒரு குழாயின் இயல்பை மூன்று எண்கள் சொல்லிவிடும். கிரிட்டின் 1 வோல்ட் மாற்றம் நேர்மின்வாயின் எத்தனை வோல்ட் மாற்றத்துக்குச் சமம் என்பது பெருக்கக் காரணி. கிரிட்டின் 1 வோல்ட் மாற்றத்துக்கு நேர்மின்வாய் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது பரிமாற்றக் கடத்துதிறன். நேர்மின்வாய் மின்னழுத்த மாற்றத்தை அதனால் விளையும் மின்னோட்ட மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது நேர்மின்வாய் மின்தடை. பின்னிரண்டின் பெருக்குத்தொகையே முதலாவது. ஐரோப்பாவில் ஈசிசி83 என வழங்கும் 12ஏஎக்ஸ்7 இரட்டை மும்முனைக் குழாயை எடுத்துக்கொண்டால், 250 வோல்ட்டில் 1.2 மில்லிஆம்பியர் பாயும்போது அதன் பரிமாற்றக் கடத்துதிறன் வோல்ட்டுக்கு 1.6 மில்லிஆம்பியர், நேர்மின்வாய் மின்தடை 62.5 கிலோஓம். இரண்டையும் பெருக்கினால் 100 என்ற பெருக்கக் காரணி வருகிறது. மின்னோட்டம் மாறினால் பின்னிரண்டு எண்களும் கணிசமாக மாறும். பெருக்கக் காரணி மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும், ஏனெனில் அது குழாயின் உள்ளமைப்பு அளவுகளைச் சார்ந்தது.

ஒரு பெருக்கி நிலையை வடிவமைத்தல்

மேற்சொன்ன குழாயின் ஒரு பாதியைக் கொண்டு ஒலிப்பெருக்கியின் முதல் நிலையை அமைப்பதாகக் கொள்வோம். மின்வழங்கி 250 வோல்ட், நேர்மின்வாய்ச் சுமை 100 கிலோஓம். குழாய்த் தயாரிப்பாளர் தரும் சிறப்பியல்பு வரைபடத்தில் கிடை அச்சு நேர்மின்வாய் மின்னழுத்தத்தையும் நிலை அச்சு மின்னோட்டத்தையும் காட்டும். மின்னோட்டம் சுழியாக இருந்தால் குழாயின் மீது 250 வோல்ட் முழுதும் நிற்கும். குழாயில் மின்னழுத்த வீழ்ச்சியே இல்லை என்று கொண்டால் 2.5 மில்லிஆம்பியர் பாயும். இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோடே சுமைக்கோடு. குழாய் எந்த நொடியிலும் இந்தக் கோட்டின் மீதுதான் இருக்க முடியும்.

கோட்டின் எந்தப் புள்ளியில் குழாய் ஓய்வாக நிற்க வேண்டும் என்பதை எதிர்மின்வாய் மின்தடை தீர்மானிக்கிறது. கிரிட் ஒரு பெரிய மின்தடை வழியே தரையோடு இணைந்திருக்கும். எதிர்மின்வாய்க்குக் கீழே 1.5 கிலோஓம் வைத்தால், பாயும் மின்னோட்டமே எதிர்மின்வாயைத் தரையைவிட உயர்த்தி, கிரிட்டை ஒப்பளவில் எதிர் மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். வரைபடத்தில் தேடினால் ஏறத்தாழ 0.9 மில்லிஆம்பியர், 1.3 வோல்ட் சார்பு, நேர்மின்வாயில் 160 வோல்ட் என்ற இடத்தில் கணக்கு ஒத்துப்போகிறது. இம்முறைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் குணமும் உண்டு. குழாய் பழையதாகி மின்னோட்டம் குறைந்தால் சார்பும் குறைந்து இழப்பை ஓரளவு ஈடுசெய்யும்.

பெருக்கத்தைக் கணக்கிட, குழாயைப் பெருக்கக் காரணி மடங்கு மின்னழுத்தம் தரும் மூலமாகவும், அதனோடு தொடராக நேர்மின்வாய் மின்தடை இருப்பதாகவும் கொள்ளலாம். வெளியீடு சுமைக்கும் உள்தடைக்கும் இடையே பங்கிடப்படுகிறது: 100 ஐ 100 ஆல் பெருக்கி, 100 உம் 62.5 உம் கூட்டி வரும் 162.5 ஆல் வகுத்தால் சுமார் 61. அடுத்த நிலையின் 1 மெகாஓம் கிரிட் மின்தடையும் சுமைக்கு இணையாக வருவதால் இது 59 ஆகக் குறையும். பெருக்கக் காரணி 100 என்றால் பெருக்கமும் 100 என்று எண்ணுவது தொடக்கத்தில் பலருக்கும் நேரும் குழப்பம். எல்லையற்ற சுமையில்தான் அது கிடைக்கும்.

எதிர்மின்வாய் மின்தடைக்கு இணையாகப் பெரிய மின்தேக்கி ஒன்று இருப்பதாகக் கொண்டே இந்தக் கணக்கு செய்யப்பட்டது. மின்தேக்கியை எடுத்துவிட்டால் குறிகை மின்னோட்டமும் அந்த மின்தடை வழியே பாய்ந்து உள்ளீட்டை எதிர்க்கும். 1.5 கிலோஓம் சுற்றின் பார்வையில் 101 மடங்காகத் தோன்ற, பெருக்கம் 61 இலிருந்து சுமார் 32 ஆக விழும். மின்தேக்கியின் அளவைக் கணக்கிடும்போது 1.5 கிலோஓமை மட்டும் எடுத்துக்கொள்வது சரியன்று. எதிர்மின்வாய்ப் பக்கமாகக் குழாய்க்குள் நோக்கினால் தெரியும் சுமார் 1.6 கிலோஓமும் அதற்கு இணையாக உள்ளது. இரண்டும் சேர்ந்து 780 ஓம் அளவில் வருவதால், 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் கீழ் வெட்டு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ் அளவில் அமைகிறது.

கிரிட் எதிர்மின்வாயைவிட நேராகத் தொடங்கினால் மின்னோட்டத்தை உறிஞ்சி அலையின் முகட்டைத் தட்டையாக்கும். எனவே 1.3 வோல்ட் சார்புள்ள நிலைக்கு 1 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான உச்சமுள்ள குறிகையே ஏற்றது. அந்த வரம்புக்குள்ளும் முழு நேர்மை இல்லை. சுமைக்கோட்டின் கீழ்ப்பகுதியில் கிரிட் வளைவுகள் நெருங்கி வருவதால் அலையின் ஒரு பாதி மற்றதைவிடச் சற்றுச் சுருங்குகிறது. இதுவே இரண்டாம் சீரிசைத் திரிபு. கித்தார் கலைஞர்கள் பலர் வால்வுப் பெருக்கியை இன்றும் விரும்புவதற்கு இத்தகைய திரிபுகள் முக்கியக் காரணம்.

வெளியீட்டு நிலையில் கணக்கு வேறு வகைப்பட்டது. அங்கே தேவை திறன். 5 கிலோஓம் சுமையை எதிர்பார்க்கும் குழாயோடு 8 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக இணைக்க முடியாது. மின்மறுப்பு விகிதம் 625 என்பதால் அதன் வர்க்கமூலமான 25 க்கு 1 என்ற சுற்று விகிதமுள்ள மின்மாற்றி நடுவே வேண்டும். நல்ல வால்வுப் பெருக்கியின் எடையும் விலையும் பெரும்பாலும் இந்த இரும்பில்தான் இருக்கின்றன.

கிரிட்டுக்கும் நேர்மின்வாய்க்கும் இடையிலான சிறு மின்தேக்குதிறன்

12ஏஎக்ஸ்7 இல் கிரிட்டுக்கும் நேர்மின்வாய்க்கும் இடையே ஏறத்தாழ 1.7 பிக்கோஃபாரட் மின்தேக்குதிறன் உள்ளது. பார்வைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் கிரிட் 1 வோல்ட் ஏறும்போது நேர்மின்வாய் 60 வோல்ட் இறங்குவதால், அந்தச் சிறு மின்தேக்கியின் மீது 61 வோல்ட் மாற்றம் விழுகிறது. உள்ளீட்டிலிருந்து நோக்கினால் அது 100 பிக்கோஃபாரட்டுக்கு மேற்பட்டதாகத் தெரியும். இதுவே மில்லர் விளைவு. குறிகை மூலத்தின் மின்தடை 100 கிலோஓம் என்றால் உயர் அதிர்வெண்கள் சுமார் 15 கிலோஹெர்ட்ஸிலேயே தேயத் தொடங்கிவிடும்.

சுமை வெறும் மின்தடையாக இருக்கும்வரை இழப்பு இவ்வளவே. சுமை கம்பிச்சுருளாக இருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது இதே மின்தேக்குதிறன் வழியே திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி உள்ளீட்டோடு ஒத்த கட்டத்தில் வந்து அதற்கு ஆற்றலை ஊட்டுகிறது. ஊட்டம் இழப்பை விஞ்சினால் பெருக்கி அலையியற்றியாகிவிடும். 1920களின் வானொலிப் பெட்டிகள் ஊளையிட்டதற்கு இது ஒரு பெருங்காரணம். லூயிஸ் ஹேசல்டைன் எதிர்க் கட்டத்தில் சமமான மின்னோட்டத்தைச் செலுத்தி இதைச் சமன்செய்யும் நியூட்ரோடைன் சுற்றை அமைத்தார். கிரிட்டுக்கும் நேர்மின்வாய்க்கும் இடையே திரைக் கிரிட்டைச் சேர்த்த நான்முனைக் குழாயும், 1926 இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஐம்முனைக் குழாயும் இந்தச் சிக்கலைக் குழாய்க்குள்ளேயே தீர்த்தன.

பெருக்கியிலிருந்து அலையியற்றி

வேண்டாத இந்த ஊளையை வேண்டுமென்றே உண்டாக்கியவர்களுள் முன்னோடி எட்வின் ஆம்ஸ்டிராங். 1912 இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, நேர்மின்வாய் வெளியீட்டின் ஒரு பகுதியைக் கிரிட்டுக்கே திருப்பினார். மிக மெல்லிய வானொலிக் குறிகைகள் உரத்துக் கேட்டன. பின்னூட்டத்தை மேலும் கூட்டியபோது குழாய் தானே அலைகளை இயற்றியது. இந்தக் கண்டுபிடிப்புக்கு டி பாரஸ்டும் உரிமை கோரினார். நீண்ட வழக்கின் முடிவில் 1934 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் டி பாரஸ்டின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆம்ஸ்டிராங் இதற்காகப் பெற்றிருந்த பதக்கத்தைத் திருப்பித் தர முன்வந்தபோது ரேடியோ பொறியாளர் கழகம் அதை ஏற்க மறுத்தது. சுற்று எவ்வாறு இயங்குகிறது என்பதை அளந்து விளக்கியவர் ஆம்ஸ்டிராங்தான் என்பதில் பொறியாளர்களிடையே ஐயம் குறைவு.

அலைவு நீடிக்க இரு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். பெருக்கமும் திரும்பும் பங்கும் பெருக்கிய தொகை 1 ஆக இருக்க வேண்டும்; வளையத்தை முழுதாகச் சுற்றி வரும் குறிகை தொடங்கிய கட்டத்திலேயே வந்து சேர வேண்டும். இது பார்க்ஹவுசன் நிபந்தனை எனப்படுகிறது. அலைவு தொடங்க அத்தொகை 1 ஐவிடச் சற்று மிகுந்திருக்க வேண்டும்.

முன்பு வடிவமைத்த பெருக்கி நிலையையே இதற்குச் சோதனையாகக் கொள்ளலாம். குழாய் குறிகையை 180 பாகை திருப்புகிறது. வெளியீட்டிலிருந்து கிரிட் வரை 0.001 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 470 கிலோஓம் மின்தடையும் கொண்ட மூன்று படிகளை அமைத்தால், ஒரே ஓர் அதிர்வெண்ணில் அவை மீதி 180 பாகையைத் தரும். அப்போது குறிகை 29 இல் ஒரு பங்காகக் குறைகிறது. நிலையின் வெளியீட்டு மின்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் தேவையான பெருக்கம் சுமார் 31. இருப்பது 61 என்பதால் சுற்று 135 ஹெர்ட்ஸ் அளவில் தயக்கமின்றி அலையும். எதிர்மின்வாய் மின்தேக்கியைக் கழற்றினால் பெருக்கம் 32 க்குச் சற்றுக் கீழே இறங்கும். அதே வேளையில் வெளியீட்டு மின்தடை கூடுவதால் தேவை 32 ஐத் தாண்டிவிடும். காகிதக் கணக்கின்படி அலைவு நின்றுவிடும். ஒரு மின்தேக்கி வறண்டுபோனதால் அலையியற்றி ஊமையாவது இப்படித்தான்.

வானொலி அதிர்வெண்களில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்றே வழக்கம். ஹார்ட்லி சுற்றில் சுருளின் நடுவே ஒரு முனை எடுத்து எதிர்மின்வாயோடு இணைக்கப்படும். சுருளின் இரு கோடிகளும் எதிரெதிர்க் கட்டத்தில் இருப்பதால் தேவையான திருப்பம் கிடைக்கிறது. கோல்பிட்ஸ் சுற்றில் அதே வேலையைத் தொடராக உள்ள இரு மின்தேக்கிகள் செய்கின்றன. 100 மைக்ரோஹென்றி சுருளோடு 253 பிக்கோஃபாரட் சேர்ந்தால் 1 மெகாஹெர்ட்ஸ். தனிப் பின்னூட்டச் சுருள் உள்ள சுற்று அலையவில்லை என்றால் முதலில் அச்சுருளின் இரு முனைகளையும் மாற்றிப் பார்ப்பது பழைய பணியாளர்களின் வழக்கம். பெரும்பாலும் கோளாறு அதுவாகவே இருக்கும்.

அலை எந்த அளவில் நிற்கும்?

வளையப் பெருக்கம் 1 ஐ மிஞ்சினால் அலை வளர்ந்துகொண்டே போகும். ஏதோ ஒன்று அதைத் தடுத்தாக வேண்டும். வானொலி அலையியற்றிகளில் கிரிட்டோடு 100 பிக்கோஃபாரட் அளவு மின்தேக்கியும் 47 கிலோஓம் அளவு மின்தடையும் சேர்க்கப்படுகின்றன. அலையின் முகட்டில் கிரிட் சிறிது மின்னோட்டத்தை எடுக்க, மின்தேக்கி மின்னேற்றமடைந்து கிரிட்டை எதிர் மின்னழுத்தத்துக்குத் தள்ளுகிறது. அலை பெரிதானால் தள்ளலும் கூடிப் பெருக்கம் குறைகிறது. மின்தேக்கியையும் மின்தடையையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அலைவு விட்டுவிட்டு நடக்கும். திறன்மிகு குழாய்களில் இம்முறைக்கு ஓர் ஆபத்தும் உண்டு: ஏதோ காரணத்தால் அலைவு நின்றால் சார்பும் மறையும், மின்னோட்டம் எகிறும், நேர்மின்வாய் சிவந்து குழாய் பாழாகும். அதனால் எதிர்மின்வாயிலும் ஒரு மின்தடை வைப்பது பாதுகாப்பு.

கேள் அதிர்வெண் அலையியற்றிகளுக்கு வில்லியம் ஹியூலெட் கண்ட தீர்வு மிக எளியது. வீன் சமனச் சுற்றுக்குத் தேவையான பெருக்கம் 3 மட்டுமே. பெருக்கியின் எதிர்ப் பின்னூட்டப் பாதையில் அவர் ஒரு சிறு மின்விளக்கை வைத்தார். அலை வளர்ந்தால் விளக்கின் இழை சூடாகி மின்தடை ஏறும், பெருக்கம் இறங்கும். அலை தளர்ந்தால் இழை குளிரும். இழை மெதுவாகவே சூடாவதால் ஒவ்வோர் அலையின் வடிவமும் கெடுவதில்லை. 1939 இல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருளான 200ஏ அலையியற்றி இந்த விளக்கை நம்பியே இயங்கியது.

வேண்டாத அலைவுகள்

ஹரால்டு பிளாக் 1927 இல் கண்ட எதிர்ப் பின்னூட்டம் திரிபைக் குறைக்கிறது. ஆனால் வளையத்துள் இணைப்பு மின்தேக்கிகளும் வெளியீட்டு மின்மாற்றியும் சேர்ந்து ஏதாவது ஓர் அதிர்வெண்ணில் மேலும் 180 பாகை திருப்பிவிட்டால், அதே பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிடும். மின்மாற்றியின் இணைப்பு மாறிப்போனால் எந்த அதிர்வெண்ணிலும் இதுவே நடக்கும். பெருக்கி இயக்கியதும் அலறும்.

இன்னொரு வழி மின்வழங்கி. பல நிலைகள் ஒரே மின்வழங்கியைப் பகிர்ந்துகொண்டால், கடைசி நிலையின் மின்னோட்ட ஏற்றத்தாழ்வு முதல் நிலையை எட்டி, படகு மோட்டாரைப் போல டப் டப் என்ற தாழ்ந்த அலைவை உண்டாக்கும். முதல் நிலைகளின் மின்வழங்கிப் பாதையில் ஒரு தொடர் மின்தடையும் தரைக்கு ஒரு மின்தேக்கியும் வைத்தால் இது அடங்கும். வடிகட்டி மின்தேக்கி வறண்ட பழைய வானொலியில் இந்த ஓசை கேட்டால் வால்வை மாற்றுவதில் பயனில்லை.

கேளா அதிர்வெண்ணில் நடக்கும் அலைவைக் காது காட்டிக்கொடுக்காது. ஒலி மங்கும், குழாய் காரணமின்றிச் சூடாகும், எதிர்மின்வாய் மின்னழுத்தம் கணக்கோடு ஒத்துவராது. கிரிட் முனையை ஒட்டியே சில கிலோஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைப்பது இதற்கு வழக்கமான மருந்து. அளவிடும்போது ஒன்றை மறக்கலாகாது: மின்வழங்கியை அணைத்த பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அவற்றை மின்தடை வழியே வடித்து, மின்னழுத்தமானியால் சரிபார்த்த பின்னரே சுற்றைத் தொட வேண்டும்.