திரைக்குப் பின்னால் சாமி சேலை கட்டுகிறார்!

திரை போட்டாச்சு. வெளியே நிற்கிற நமக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே சாத்துப்படி, அதாவது சாமிக்கு அலங்காரம், நடக்கிறது. அதுவும் பெருமாளுக்கோ ஆழ்வாருக்கோ சேலை கட்டும் நாளென்றால், அடடா! கொசுவத்தை முன்கூட்டியே மடித்து, நூலால் கட்டி, கரை பிசகாமல் விழவிட்டு, முந்தியை எடுத்துவிட வேண்டும். மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிடும் அத்தைமாரெல்லாம் வந்து பாடம் கேட்கலாம்.

சரி, கட்டுவதற்கு ராஜபாளையத்தைச் சுற்றித் துணிக்கா பஞ்சம்? 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, தளவாய்புரம் நைட்டி! பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கைசிக ஏகாதசிக்கு ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் 108 வஸ்திரம் சாத்துகிறார்கள். பட்டருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும், யோசியுங்கள்.

இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களைக் கவனித்தீர்களா? பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனைத் தாலாட்டியவர். வளர்ப்பு மகள் ஆண்டாளோ சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தவள். மனிதனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று முரண்டு பிடித்தவள். அப்பா அம்மாவானார், மகள் யாருக்கும் அடங்கவில்லை. நல்ல குடும்பம்!

நம்மாழ்வார் இன்னும் ஒரு படி மேல். திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் 27 பெண்குரலில்: தாயாக, தோழியாக, பெரும்பாலும் தலைவியாக. அதனால் ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து உற்சவத்தின் ஏழாம் நாள் அவருக்குப் பராங்குச நாயகித் திருக்கோலம். ஆழ்வார் பெண்ணாகி வருகிறார், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. ஒருவரும் சிரிப்பதில்லை. கோயில் வாசலில் ஒரு திருநங்கை அதே நேர்த்தியாகக் கட்டி வந்தால் மட்டும் ஏனோ பலருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது.

சேலை ஆசை பெருமாளையும் விடவில்லை. திருமலை பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள் காலை அவர் மோகினி. அன்றிரவே கருட சேவை. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை போகிறது. சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் அப்படித்தான். அந்த மாலையோடு வைகையில் இறங்கியவர், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் காட்டி, மோகினியாகவும் நிற்கிறார். ஒரே ராத்திரியில் இத்தனை உடை மாற்றமா! சினிமாக் கதாநாயகிக்குக்கூட இவ்வளவு காஸ்ட்யூம் கிடையாது.

மாலைக்குப் பதில் மரியாதையாகத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது, ஆண்டாளின் பங்குனிக் கல்யாணத்துக்கு. மோகினி அனுப்பிய சேலை என்று சொன்னால் பட்டர் கோபித்துக்கொள்வாரா, சிரிப்பாரா? அடுத்த பங்குனிக்குக் கேட்டுவிட வேண்டியதுதான்.