தலைப்பெழுத்தின் தடிப்பும் நுண்மையும்

அச்செழுத்துகள் எல்லாம் ஒரே பணிக்கு உரியனவல்ல. நூலின் உட்பக்கங்களில் வரும் சிற்றெழுத்துத் தன்னை மறைத்துப் பொருளைக் காட்டுவது. நூன்முகப்பிலும் விளம்பரத்திலும் பெயர்ப்பலகையிலும் வரும் பேரெழுத்தோ முதலிற் கண்ணை ஈர்த்துப் பின்னரே பொருளை உணர்த்துவது. இதனைத் தலைப்பெழுத்து என்பர். தலைப்பெழுத்து வகைகளுள், மிகத் தடித்த கோடும் மிக மெல்லிய நுண்கோடும் ஓரெழுத்தினுள்ளேயே அடுத்தடுத்து வருமாறு அமைந்த வகை தனிச்சிறப்புடையது. அதன் தோற்றமும், தமிழுக்கு அஃது எத்துணைப் பொருந்தும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வேறுபாடு எழுதுகோலிற் பிறந்தது. தட்டை முனையுள்ள இறகுப்பேனாவை ஒரு திசையில் இழுப்பின் தடித்த கோடும், வேறொரு திசையில் இழுப்பின் மெல்லிய கோடும் தோன்றும். பின்னர் வந்த கூர்முனைப் பேனா, கையின் அழுத்தத்திற்கேற்பக் கோட்டைத் தடிக்கச் செய்தது. பேமிங்காம் நகரத்துப் பாஸ்கர்வில் 1757இல் வேர்ஜிலின் நூலை வழுவழுப்பான தாளில் அச்சிட்டபொழுது, மெல்லிய கோடுகளும் தெளிவாகப் பதியலாயின. அவருக்குப் பின் பாரிசில் பேர்மின் டிடோவும் இத்தாலியின் பார்மா நகரில் பொடோனியும் இவ்வழகை அதன் எல்லைக்கே கொண்டுசென்றனர். நிலைக்கோடு தூணெனத் தடித்தும், கிடைக்கோடு மயிரிழையென மெலிந்தும் அமைவது இவர்தம் எழுத்தின் இயல்பு. பொடோனி 1813இல் மறைந்தார். அவருடைய எழுத்து மாதிரிகள் அடங்கிய பெருநூலை அவர் மனைவியார் 1818இல் வெளியிட்டார். அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலண்டன் எழுத்து வார்ப்போர் தடித்த கோட்டை மேலும் பருக்கச் செய்து, பரிசுச்சீட்டு விளம்பரங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் ஏற்ற எழுத்துகளை ஆக்கினர்.

இவ்வகை எழுத்தின் வலிமையும் குறையும் அளவிலே தங்கியுள்ளன. 60 மில்லிமீற்றர் உயரமுள்ள ஓரெழுத்தில் தடித்த கோடு 10 மில்லிமீற்றரும் நுண்கோடு 1 மில்லிமீற்றரும் உள்ளனவெனக் கொள்க. அதனை 3 மில்லிமீற்றர் உயரத்துக்குச் சுருக்கின், தடித்த கோடு அரை மில்லிமீற்றராகும். நுண்கோடோ ஒரு மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்காகிவிடும். முன்னையது நிற்கும், பின்னையது தாளின் சொரசொரப்பில் அறுந்துபோகும். பெரிதாக நிற்கையில் எழிலாயிருந்ததே சிறிதாகுங்கால் இடராகின்றது. எழுத்தைத் தொலைவில் வைப்பதும் அதனைச் சுருக்குவதும் கண்ணுக்கு ஒன்றேயாம்.

கண்டி நாட்டின் பழைய ஏடுகள் இதற்கு முற்றும் மாறான நெறியின. யாழ்ப்பாணத்தார் பனையோலையில் எழுதியதுபோல, இங்குள்ளார் தாளிப்பனையின் ஓலையைப் பதப்படுத்தி எழுதினர். பேராதனைப் பூந்தோட்டத்தில் அம்மரத்தை இன்றும் காணலாம். எழுத்தாணி ஓலையைக் கீறுவதாதலின் கோடுகள் யாவும் ஏறத்தாழ ஒரே தடிப்பின. கீறியபின் எண்ணெயிற் குழைத்த கரியைப் பூசித் துடைக்க, எழுத்துக் கறுத்துத் தோன்றும். புள்ளி குத்தின் ஓலை துளைபடும் என்றஞ்சித் தமிழ் ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். கற்றோர் இடம்நோக்கி ஒற்றினை உணர்ந்துகொண்டனர். அச்சுக்கலை வளர்ந்த பின்னரே புள்ளி ஒழுங்காக இடப்படலாயிற்று. ஆகவே தடிப்பு நுண்மை வேறுபாடு தமிழெழுத்தின் பிறவிக்குணமன்று. அச்சின் வழி வந்த அணி எனலாம்.

அணியைப் பூணுமுன் உடம்பின் இயல்பை அறிதல் வேண்டும். தமிழெழுத்திற் பொருள் வேறுபாடு சிற்றுறுப்புகளில் நிற்கின்றது. ‘மனம்’ ‘மணம்’ ஆவது ஒரு சுழியால். ‘விடு’ ‘வீடு’ ஆவதும் ‘பெறு’ ‘பேறு’ ஆவதும் அவ்வாறே. பொடோனியின் முறையைத் தமிழுக்கு அப்படியே ஏற்றினால் இருவகைக் கேடு விளையும். தடித்த கோடு பருத்துச் சுழிகளின் உள்வெளியை அடைத்துவிட, மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் மயங்கும். கிடைக்கோடு மெலிந்து மறைய, பகரம் இரு தூண்களாகவும் டகரம் ஒரு தூணாகவும் எஞ்சும்.

இது வெறும் அழகுபற்றிய வினாவன்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1867இல் புகையிரதப் பாதை வந்தடைந்த கண்டி நிலையத்திலும், நகரத்து வீதிகளிலும் அலுவலகங்களிலும் மும்மொழிப் பலகைகள் உள்ளன. ‘கண்டி’ என்பதில் ஒரு புள்ளி. ‘கட்டுகஸ்தோட்டை’ என்பதில் மூன்று. இயல்பான பார்வையுடைய கண், 10 மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரினும் குறைந்த இடைவெளியைப் பிரித்தறிய மாட்டாது. 30 மீற்றரில் அவ்வெல்லை ஏறத்தாழ 9 மில்லிமீற்றராகும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே அத்துணை வெளி இல்லையாயின் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போம். மும்மொழியும் அறிந்தார்க்கு இதனால் இழப்பில்லை. ஆங்கில வரியை நோக்கி அவர் தெளிவர். தோட்டத்திலிருந்து மருத்துவமனையையோ அலுவலகத்தையோ நாடி வரும், தமிழை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் முதியவர்க்கோ அந்தத் தமிழ் வரியே துணை. அது மங்கினால் சட்டம் தந்த உரிமையும் அவரளவில் மங்கியதேயாம்.

எனவே தமிழ்த் தலைப்பெழுத்தை வரைவோர், சொல்லை வேறுபடுத்தும் உறுப்பு எதனையும் நுண்கோட்டின் பொறுப்பில் விடலாகாது. புள்ளி தடித்த கோட்டுக்கு இணையான பருமனுடன் தனித்து நிற்றல் வேண்டும். சுழிகளின் உள்வெளி திறந்திருத்தல் வேண்டும். கிடைக்கோடு மெலியலாமேயன்றி மறையலாகாது. வளைவுகள் திரும்பும் இடங்களிலும், எழுத்தின் ஈற்று நீட்டங்களிலும் நுண்மையை வேண்டியவாறு காட்டலாம். இங்ஙனம் அமைந்த எழுத்து நூன்முகப்புக்கும் மணவோலைக்கும் நாடக விளம்பரத்துக்கும் பொலிவூட்டும். வீதிப்பலகைக்கும் நூலின் உட்பக்கத்துக்கும் தடிப்பு வேறுபாடு குறைந்த எழுத்தே தக்கது. இடமறிந்து எழுத்தைத் தெரிதலும் எழுத்தறிவின் ஒரு பகுதியே என்பதை மாணவர் உளங்கொள்ளல் நன்று.