கடலில்லா நாட்டிற்கு டின் காய்கறி செல்லும் வழி

கூட்டுறவுப் பண்டகசாலைக்குச் சரக்குக் கொள்முதல் செய்வோர் விலையைக் கேட்பது போலவே, சரக்கு வந்த வழியையும் விசாரித்தறிதல் அவசியம். வழிச் செலவு ஒரு பண்டத்தின் விலையில் எவ்வளவு இடம்பெறக்கூடும் என்பதற்கு நேபாள தேசம் நல்ல உதாரணமாகும். கடற்கரையற்ற வளர்முக நாடுகளென ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டுள்ள 32 நாடுகளில் அதுவும் ஒன்று.

அந்நாட்டில் பசுங்காய்கறி விளையாமலில்லை. தாதிங், காவ்ரே ஜில்லாக்களின் விளைச்சல் காட்மாண்டு நகரத்துக் காலிமாட்டிச் சந்தையில் வந்து குவிகிறது. ஆயினும் ஓட்டல்களும், மலையேறுவோர்க்கு உணவளிக்கும் விடுதிகளும் டப்பாவில் அடைத்த காளான், இனிப்புச் சோளம், பட்டாணி முதலியவற்றை விரும்பி வாங்குகின்றன. பனிக்கட்டியின்றிப் பல வாரங்கள் பிரயாணம் செய்தும் கெடாதிருப்பதே டின் சரக்கின் சிறப்பு. நெடுவழிக்கு இதைவிடப் பொருத்தமான காய்கறி வேறில்லை.

கடல் வழியாக வரும் சரக்குக் கல்கத்தா அல்லது ஹால்தியா துறைமுகத்தில் இறங்குகிறது. பின்னர் விசாகப்பட்டினமும் இதற்குத் திறக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து எல்லைப்புறத்து வீர்கஞ்ச் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். 2004 முதல் அங்குள்ள உள்நாட்டுச் சரக்கு நிலையத்திற்கு ரயிலிலேயே கண்டெய்னர்கள் சென்று சேருகின்றன. இடையில் இந்தியச் சுங்க வரி கிடையாது. பெட்டி முத்திரையிடப்பட்டு, திறக்கப்படாமல் எல்லையைக் கடக்கவேண்டும். வீர்கஞ்சில் நேபாளச் சுங்கம் முடிந்தபின் லாரிகள் மலைப்பாதையேறிக் காட்மாண்டு செல்கின்றன. மாரிக்காலத்தில் மண் சரிந்து அப்பாதை அடிக்கடி அடைபடும்.

இனி, கூலி எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்கலாம். 400 கிராம் என்று சீட்டில் கண்ட டப்பாவில் வடிகட்டிய காய் 240 கிராம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 160 கிராம் உப்பு நீரே. இக்கணக்கில் 10 டன் சரக்கில் 4 டன் நீர் கடலையும் ரயிலையும் மலையையும் கடந்து வருகிறது. தகரத்தின் எடை இதற்குப் புறம்பானது. ஆகவே, வாங்குவோர் நிகர எடையை விட்டு வடிகட்டிய எடையைக் கொண்டே விலை ஒப்பிடுதல் நலம். பல வியாபாரிகள் இதைச் செய்வதில்லை என்பது வியப்புக்குரியது.

வரியும் வழியைப் பின்பற்றுகிறது. நேபாளத்தில் சுங்க மதிப்பு சரக்கின் விலை மட்டுமன்று. எல்லைவரை ஆன கூலியும் இன்ஷூரன்ஸும் அதில் சேரும். ஒரு டப்பாப் பெட்டிக்குக் கூலி 15 ரூபாய் என்றும், சுங்கம் நூற்றுக்குப் பத்து என்றும் உத்தேசமாகக் கொண்டால், அக்கூலி 16½ ரூபாயாகிறது. அதன்மேல் 13 சதவிகித மதிப்புக் கூட்டு வரியும் ஏற, உண்போர் தலையில் விழுவது 18½ ரூபாய்க்கு மேலாகும். கடலோர நாட்டிலும் இவ்வரி முறை இருக்கலாம். ஆனால் கூலி சிறிதாதலின் வரியும் சிறிதாகவே நிற்கும்.

தாமதத்திற்கும் விலையுண்டு. பெட்டியைத் திருப்பித் தரக் கப்பல் கம்பெனி சில நாட்களே தவணையளிக்கும். கடந்தால் நாள்தோறும் கட்டணம். பாங்கியில் முடங்கிய பணத்திற்கு வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காகிதத்தில் எண் பிழைபட்டாலும் இவ்விரண்டும் சேர்ந்து லாபத்தை விழுங்கிவிடக்கூடும்.

வழி தனதல்லாத நாட்டிற்குப் பெரிய அபாயம் வழியே அடைபடுவதாகும். 1982-ஆம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கை கடலற்ற நாடுகளுக்குக் கடலையடையும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் நடைமுறை நிபந்தனைகளை அண்டை நாட்டோடு பேசியே முடிக்கவேண்டும். 1989 மார்ச்சில் இந்திய-நேபாள வர்த்தக, வழிப்போக்கு ஒப்பந்தங்கள் காலாவதியாகப் பெரும்பாலான எல்லை வாயில்கள் மூடப்பட்டன. 1990-இல்தான் நிலைமை சீர்பட்டது. 2015 செப்டம்பர் முதல் சில மாதங்கள் தெற்கு எல்லையில் சரக்குகள் மீண்டும் தேங்கின. நேபாளத்தார் இந்தியாவைக் குறை கூற, அது எல்லைப்புற மக்களின் கிளர்ச்சியால் விளைந்ததென இந்தியா மறுத்தது. காரணம் எதுவாயினும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் பஞ்சம் நேர்ந்தது. வடக்கே சீனத்தின் வழியும் உறுதியானதன்று. 2015 பூகம்பத்தால் மூடிய தாதோபானி வாயில் 2019-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

சரக்கு வந்து சேர்ந்தபின் சோதனை தேவை. புளிப்பற்ற காய்கறியில் போட்யூலிஸம் என்னும் நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து, கொதிநீரின் 100 டிகிரிச் சூட்டில் சாவதில்லை; அழுத்தமுள்ள கொதிகலத்தில் ஏறக்குறைய 121 டிகிரிக்குக் காய்ச்சவேண்டும். அது குறைந்தால் டப்பா உப்பலாம். உப்பாமலே நஞ்சு இருப்பதுமுண்டு. மலையுச்சியில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், கெடாத டப்பாவும் சிறிது உப்பக்கூடும். கண்ணால் வேறுபாடறிய இயலாதாதலின் உப்பியதையும், ஓரத் தையலில் நசுங்கியதையும், துரு துளைத்ததையும் வேறுபாடின்றி ஒதுக்கிவிடுவதே முறை.

இறக்குமதியில் ஒரு சிறு பகுதிக்கே நேபாளம் ஏற்றுமதி செய்கிறது. ஆகவே டப்பாக்களை இறக்கிய கண்டெய்னர்களிற் பெரும்பாலானவை வெறுமையாகவே கல்கத்தா திரும்புகின்றன. அந்த வெற்றுப் பிரயாணத்தின் கூலியும் மலைமீதுள்ள பட்டாணி டப்பாவின் விலையிலேயே அடங்கியிருக்கிறது.