தூக்கத்தைக் குறைத்தால் இலாபமா?

"எனக்கு நாலு மணித்தியாலம் தூங்கினால் போதும், பழகிவிட்டது." நம் வர்த்தகர்கள் பலர் இப்படிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் முகத்தில் ஒரு பெருமையும் தெரியும். புறக்கோட்டையில் நீண்ட காலம் புடைவை வியாபாரம் செய்பவன் என்ற முறையில் நானும் இதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இரவு பத்துக்குக் கடை பூட்டி, வீட்டில் சாப்பிட்டு, கணக்குக் கொப்பியை மூடும்போது ஒரு மணியாகிவிடும். சுபஹுக்கு எழும்ப வேண்டும். நோன்பு காலத்தில் கேட்கவே வேண்டாம். பெருநாள் வியாபாரம் முடியவே நள்ளிரவு தாண்டும், பிறகு சஹர்.

இந்தப் "பழகிவிட்டது" என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான ஆய்வு அது. ஆரோக்கியமான 48 பேரைக் குழுக்களாகப் பிரித்து, எட்டு, ஆறு, நான்கு மணித்தியாலம் என்று 14 இரவுகள் தூங்க வைத்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று இரவுகள் தூக்கமே இல்லை. ஆறு மணித்தியாலமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்களின் கவனமும் நினைவும் நாளுக்கு நாள் இறங்கி, இரண்டு இரவுகள் வரை கண்மூடாதவர்களின் மட்டத்துக்கு வந்துவிட்டன. ஆனால், "தூக்கம் வருகிறதா?" என்று அவர்களிடமே கேட்டபோது, "கொஞ்சம்தான்" என்ற அளவிலேயே பதில் வந்தது. கடன் ஏறிக்கொண்டே போகிறது, கொப்பியில் பதிவில்லை!

இருதயத்தின் கதை வேறு. நாம் நன்றாகத் தூங்கும்போது பிரஷர் 10 முதல் 20 வீதம் வரை இறங்குகிறது. இருதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். நமது நரம்புத் தொகுதியில் உடலை உசுப்பிவிடும் நரம்புகளும் உண்டு, அமைதிப்படுத்தும் நரம்புகளும் உண்டு. தூக்கம் குறைந்தால் உசுப்பும் பக்கம் அடங்குவதில்லை. கரண்ட் வந்த பிறகும் ஜெனரேட்டரை ஓடவிடுவது போல, அட்ரினலின் சுரந்து, நாடி வேகமாகி, பிரஷர் உயர்ந்தே நிற்கிறது. இன்சுலினும் சரியாக வேலை செய்யாமல் சீனி ஏறுகிறது. அமெரிக்க இருதய சங்கம் 2022இல், இருதய நலனுக்கான எட்டு அடிப்படைகளில் ஒன்றாகத் தூக்கத்தையும் சேர்த்தது. வளர்ந்தவர்களுக்கு 7 முதல் 9 மணித்தியாலம் என்பது அவர்கள் கணக்கு.

இனி நமது லொறிச் சாரதிகளுக்கு வருவோம். இதை நாம் பேசுவதே இல்லை. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். காலை ஐந்துக்கு எழுந்து, பகல் முழுவதும் மூட்டை இறக்கிய பிள்ளையை இரவு பத்துக்குக் காத்தான்குடிக்குச் சரக்கோடு அனுப்புகிறோமே, கணக்குப் பாருங்கள், சரியாக 17 மணித்தியாலம். மதுவைத் தொட்டுமறியாதவன் குடித்தவனைப் போல ஸ்டியரிங் பிடிக்கிறான். அனுப்பியது நாம். சரக்கு ஒரு நாள் பிந்தினால் வாடிக்கையாளர் ஏசுவார், அவ்வளவுதான். அதிகாலையில் வேறொரு கோல் வந்தால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

கணக்கை இரவில் பார்ப்பதை விட்டுக் காலையில் பார்க்கலாம். பெருநாள் சீசனில் ஊழியர்களை இரண்டு முறையாகப் பிரிக்கலாம், ஒரு ஆளின் கூலி மேலதிகமாகப் போகும், போகட்டும். இஷாவுக்குப் பின் தேநீரைக் குறையுங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும். லுஹருக்குப் பிறகு இருபது நிமிடம் சாய்ந்துகொள்வது நல்லதுதான், இரவுத் தூக்கத்துக்கு அது ஈடாகாது.

பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் சிலருக்கு உண்டு. இவர்கள் எட்டு மணித்தியாலம் படுத்தாலும் தூங்கியதாகக் கணக்கில்லை. தனக்கே இது தெரியாது, வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள், அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது குறட்டையைப் பற்றியும் சொல்லுங்கள்.