பிள்ளையின் பக்கம் நின்ற எழுத்து

சிறுவர் நூல்களில் வரும் குடும்பம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. தந்தை தொழிலுக்குச் செல்வார். தாய் அடுக்களையில் இருப்பாள். அண்ணனும் தங்கையும் பாடசாலைக்குப் போவர். விளக்கு வைத்ததும் அனைவரும் ஒருங்கே கூடுவர். அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்நூல் தன்னைக் காட்டும் கண்ணாடி. ஆனால் தாயை இழந்த பிள்ளைக்கும், தந்தை பிரிந்து சென்ற வீட்டுப் பிள்ளைக்கும், பாட்டியிடமோ விடுதியிலோ வளரும் பிள்ளைக்கும் அதிலே இடமில்லை. தம்முடைய வீடு ஒரு வீடே அன்று போலும் என்னும் ஐயத்தை அது அவர்தம் உள்ளத்தில் விதைத்துவிடவுங் கூடும்.

இக்குறையை உணர்ந்து எழுதப்படும் நூல்கள் இன்று பல நாடுகளிலும் வெளிவருகின்றன. அவற்றுட் சில நல்லவை. வேறு சில, கவலைக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று என மருந்துபோல அளந்து எழுதப்பட்டவை. துயருறும் பிள்ளைக்கு உண்மையிலே துணைநிற்கும் நூல் எத்தகையது? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் சுவீடன் நாட்டு எழுத்தாளர் அஸ்ரிட் லிண்ட்கிரெனின் வாழ்வையும் எழுத்தையும் சேர்த்து நோக்குதல் பயன் தரும்.

லிண்ட்கிரென் 1907ஆம் ஆண்டு விம்மர்பி என்னும் சிற்றூரை அடுத்த நேஸ் என்ற பண்ணையிற் பிறந்தவர். அன்பு மிகுந்த பெற்றோர். விளையாட்டு நிறைந்த இளமை. ஆயின் பதினெட்டாம் வயதில், உள்ளூர்ப் பத்திரிகையொன்றிற் பணிபயின்ற காலத்தில், மணமாகாத நிலையிலே அவர் கருவுற்றார். ஊர் வாய்க்கு அஞ்சித் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமுக்குச் சென்றார். தந்தையின் பெயரை வெளியிடாமலே பிள்ளைப்பேறு பார்க்கக்கூடிய மருத்துவமனை அயல்நாடான டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் இருந்தது. அங்கே 1926 டிசெம்பரில் லார்ஸ் என்ற ஆண்குழந்தை பிறந்தது. குழந்தையை அந்நகரிலேயே ஒரு வளர்ப்புத்தாயிடம் ஒப்படைத்துவிட்டு, இளந்தாய் ஸ்ரொக்ஹோமுக்கு மீண்டார். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, அலுவலகப் பணியிற் கிடைத்த சிறு ஊதியத்தில் மிச்சம் பிடித்து, இயன்றபோதெல்லாம் புகையிரதமேறி மகனைக் கண்டு வந்தார்.

மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வளர்ப்புத்தாய் நோய்வாய்ப்பட, 1930இல் அச்சிறுவன் தான் அறிந்த ஒரே வீட்டைவிட்டு நீங்க நேர்ந்தது. சிறிது காலம் ஸ்ரொக்ஹோமில் தாயிடமும், பின்னர் நேஸ் பண்ணையில் பாட்டன் பாட்டியிடமும் அவன் வளர்ந்தான். 1931இல் தாய் மணம் புரிந்த பின்னரே அவனுக்கு நிலையான இல்லம் வாய்த்தது. ஐந்து வயது நிறையுமுன் ஒரு பிள்ளை எத்தனை கைகள் மாறியது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அக்கைகள் யாவும் அன்புடைய கைகளே. ஆயினும் அன்புடையோர் பலர் இருந்தும் ஒரு பிள்ளை தனிமையுறக் கூடும் என்பதை லிண்ட்கிரென் தம் வாழ்விலே கண்டறிந்தார். அவர் தம் வரலாற்றை அப்படியே கதையாக்கவில்லை. எனினும் அவர் நூல்களில் வீடு தேடும் சிறுவர்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்போர் இவ்வுண்மையை மறத்தல் அரிது.

அவருக்குப் புகழ் தந்த 'பிப்பி நீளக்காலுறை' 1945இல் வெளிவந்தது. நோயுற்றிருந்த மகள் காரினுக்குச் சொல்லத் தொடங்கிய கதை அது. பிப்பிக்குத் தாய் இல்லை. கப்பற்றலைவனான தந்தை கடலிலே காணாமற் போய்விட்டான். குரங்கொன்றும் குதிரையொன்றுமே துணையாக, ஒன்பது வயதுச் சிறுமி ஒரு பழைய வீட்டிலே தனித்து வாழ்கிறாள். குதிரையையே தூக்கும் வலிமை அவளுக்குண்டு. பொற்காசுப் பெட்டியும் உண்டு. அநாதைச் சிறுமி என்றால் இரக்கத்துக்குரியவள் என்ற பழைய இலக்கணத்தை இந்நூல் தகர்த்தெறிந்தது. 1946இல் ஜோன் லான்ட்குவிஸ்ற் என்னும் பேராசிரியர் இதனைச் சுவையற்ற நூலெனக் கடுமையாகச் சாடினார். ஒழுக்கங் கெடும் என்று அஞ்சினோரும் பலர். ஆனால் சிறுவர்கள் அவளைக் கைவிடவில்லை.

பிப்பியின் சிரிப்பை மட்டும் கண்டோர் நூலைப் பாதியே கண்டவராவர். 1948இல் வெளிவந்த மூன்றாம் நூலின் இறுதியில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் தம் பலகணி வழியே அவளை நோக்குகின்றனர். அவள் மேசையருகே தனித்திருந்து, மெழுகுவர்த்திச் சுடரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னர் அதனை ஊதி அணைத்துவிடுகிறாள். உலகிலேயே வலிமை மிக்க சிறுமிக்கும் தனிமை உண்டு. அதனை ஆசிரியர் மறைக்கவில்லை; அதற்காக அவளைத் தாழ்த்தவும் இல்லை.

1954இல் வந்த 'மியோ, என் மியோ' இத்தனிமையின் உள்ளேயே புகுகிறது. போசே என அழைக்கப்படும் ஒன்பது வயதுச் சிறுவன் வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கிறான். அவர்கள் விரும்பியதோ ஒரு பெண் குழந்தையை. வேண்டப்படாத பிள்ளையாகிய அவன், மாலை வேளையில் ஸ்ரொக்ஹோம் நகரப் பூங்காவொன்றின் இருக்கையில் அமர்ந்து, சுற்றியுள்ள வீடுகளின் ஒளியைப் பார்க்கிறான். அவ்வீடுகளிலே பிள்ளைகள் தாய்தந்தையரோடு உணவருந்திக் கொண்டிருப்பர் என்று எண்ணுகிறான். அங்கிருந்து அவன் தொலைதேசத்துக்குச் செல்கிறான். அந்நாட்டின் அரசனே அவன் தந்தை. மியோ என்ற புதுப்பெயருடன், சிறுவரைக் கவர்ந்து செல்லும் கல்நெஞ்சன் காட்டோவை எதிர்த்துப் போரிடுகிறான். சிறுவர் இதனை வீரக்கதையாகப் படிப்பர். வளர்ந்தோரோ, சிறுவன் இன்னும் அப்பூங்காவின் இருக்கையிலேயே இருக்கிறானோ என்று ஐயுற்று நெஞ்சு கனப்பர். இருவகை வாசிப்புக்கும் இடந்தந்திருப்பதே அந்நூலின் பெருமை.

1956இல் வெளியான 'நாடோடி ரஸ்முஸ்' மற்றொரு படி மேலே செல்கிறது. அநாதை விடுதிக்குப் பிள்ளை தெரிய வருவோர் சுருட்டை முடியுடைய சிறுமியரையே விரும்புகின்றனர். நேர்முடியுள்ள ரஸ்முஸை எவரும் கேட்பதில்லை. அவன் விடுதியினின்றும் தப்பியோடி, ஒஸ்கார் என்னும் நாடோடியுடன் சேர்ந்து ஊரூராய் அலைகிறான். இறுதியில் வசதிபடைத்த குடியானவத் தம்பதியர் அவனை ஏற்க முன்வருகின்றனர். அவன் கனவு கண்ட வீடு அதுவே. ஆயினும் அவன் ஒஸ்காரைத் தெரிந்துகொள்கிறான். தெரியப்படுவதற்காக வரிசையில் நின்ற பிள்ளை, தானே தெரியும் உரிமை பெறுகிறது. குடும்பம் என்பது பிள்ளை மனமார வேண்டப்படும் இடம் என்னும் உண்மையை, போதனை எதுவுமின்றி இக்கதை உணர்த்துகிறது. இந்நூலுக்காக 1958இல் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

துன்பத்தைச் சிறுவருக்குக் காட்டலாமா என்று கேட்போர் உளர். 1973இல் 'சிங்கநெஞ்சச் சகோதரர்' வெளிவந்தபோது இவ்வினா பெரிதாக எழுந்தது. சாகும் நிலையிலுள்ள தம்பிக்கு, மரணத்துக்கப்பாலுள்ள நங்கியாலா என்னும் நாட்டைப்பற்றி அண்ணன் சொல்லும் கதை அது. பிஞ்சு உள்ளத்தில் மரண எண்ணத்தை விதைக்கலாகாது என்றனர் சிலர். அவர்தம் அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எல்லா நூலும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேளையிலும் ஏற்றதன்று. ஆயினும் ஒன்றை நினைத்தல் வேண்டும். துயரம் நூலின் வழியாகத்தான் பிள்ளையை அடைகிறது என்பதில்லை. பல வேளைகளில் அது நூலுக்கு முன்னரே வந்துவிடுகிறது. பெரியோர் பேச மறுப்பதைப் பிள்ளை தனியே சுமக்கின்றது. அச்சுமைக்கு ஒரு பெயர் கொடுப்பதே நூல் செய்யும் முதல் உதவி.

லிண்ட்கிரென் நூலோடு நின்றவரும் அல்லர். 1978இல் ஜெர்மானிய நூல் வணிகரின் அமைதிப் பரிசைப் பிராங்பேட் நகரிற் பெற்றபோது, பிள்ளைகளை அடித்து வளர்த்தலாகாது என்பதையே தம் உரையின் பொருளாக்கினார். தன்னை அடிப்பதற்குப் பிரம்பு தேடிச் சென்ற சிறுவன், அது கிடையாமையாற் கல்லொன்றைக் கொண்டுவந்து, இதனையாவது எறியலாமே என்று தாயிடம் நீட்டிய கதையை அங்கே கூறினார். அத்தாய் அக்கணமே பிள்ளையின் கண்களாலே தன்னைக் கண்டாள். அடுத்த ஆண்டு, 1979இல், பிள்ளைகளை அடிப்பதை வீட்டிலும் சட்டத்தால் முற்றாகத் தடைசெய்த முதல் நாடாகச் சுவீடன் விளங்கியது. 2002இல் மறையும்வரை அவர் பிள்ளையின் பக்கமே நின்றார்.

நம் நாட்டு வகுப்பறைகளில் இருப்போரை எண்ணிப் பார்ப்போம். 2009இல் முடிவுற்ற போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் உறவை இழந்த குடும்பங்களிலிருந்து வருவோர் உளர். தாய் மத்திய கிழக்கிற் பணிபுரிய, அம்மம்மாவின் அணைப்பில் வளர்வோர் உளர். அப்பாவைப் பற்றி எழுதுக என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது, எழுதுகோலை அசைக்காது அமர்ந்திருக்கும் பிள்ளையை ஆசிரியர் அறிவர். அப்பிள்ளைக்கு எந்த நூலைக் கொடுப்பது?

நூலகத்துக்கு நூல் தெரியும்போது மூன்று வினாக்களைக் கேட்கலாம். இந்நூல் துயரத்தை உள்ளபடி சொல்கிறதா, அன்றி அவசரமாகத் துடைத்துவிடுகிறதா? பிள்ளையை இரக்கப்பொருளாக்குகிறதா, அன்றி அதற்குச் சொல்லும் செயலும் தருகிறதா? அதன் வீட்டைக் குறையுள்ள வீடாகக் காட்டுகிறதா, அன்றி வேறொரு வீடாகக் காட்டுகிறதா? இவ்வினாக்களுக்கு நல்விடை தரும் நூல்கள் தமிழிற் பெருகுதல் வேண்டும். அவற்றை எழுதுவோர் நம் எழுத்தாளர். கேட்டுப் பெற்றுப் பிள்ளையின் கையிற் சேர்ப்போர் நம் ஆசிரியர். பிள்ளை படித்து முடித்ததும் உடனே வினாத் தொடுக்காமல், அது தானாகப் பேச வரும்வரை பொறுத்திருப்பதும் அவர்தம் கடனே.