80 நிமிடம் போதும் என்றுதான் நினைத்தேன்

தம்பிக்கு மான்செஸ்டரில் பட்டமளிப்பு விழா. அம்மாவையும் அழைத்துப்போவது என்று முடிவானது. டிக்கெட் தேடியபோது இரண்டு தேர்வுகள் கிடைத்தன. இரண்டிலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாற வேண்டும். அங்கிருந்து மான்செஸ்டருக்குப் போகும் விமானமும் இரண்டிலும் ஒன்றேதான். போய் இறங்கும் நேரமும் அதேதான். கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் நேரம் மட்டும் வேறு. பிற்பகலில் கிளம்பினால் நடுவில் ஐந்தரை மணி நேரக் காத்திருப்பு. இரவில் கிளம்பினால் 80 நிமிடம்.

நான் 80 நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைய பகல் வானொலி நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கிளம்பலாம், ஒரு நாள் விடுப்பு மிச்சமாகும் என்பது என் கணக்கு. விநாடிகளை எண்ணியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு 80 நிமிடம் பெரிய நேரமாகத் தெரிந்தது. அதிகாலையில் இறங்கினால் முற்பகல் விழாவுக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன்.

அன்று மாலை சிப்பாங்கில் இடியுடன் மழை. விமானம் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நாங்கள் உட்கார்ந்திருந்தது 38ஆவது வரிசை. இறங்கி, பேருந்து ஏறி, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்று, ஓட ஆரம்பித்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. “நீ முன்னால ஓடும்மா, நான் மெதுவா வர்றேன்” என்றார். நான் மட்டும் ஓடிப்போய் என்ன செய்வது? வாசலை அடைந்தபோது கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றுகொண்டிருந்தது. அதன் கதவை மூடிவிட்டார்கள்.

அடுத்து இடம் கிடைத்தது பிற்பகல் விமானத்தில். ஒரே டிக்கெட் என்பதால் தங்குவதற்கு அறையும் உணவும் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால், தம்பி மேடையேறிய அந்தச் சில விநாடிகளை, அம்மா விமான நிலையத்தில் உட்கார்ந்து என் கைப்பேசியின் நேரலையில்தான் பார்த்தார். விழாவுக்கென்று வாங்கிய பட்டுச்சேலை கைப்பையிலேயே இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தம்பி வாடகைக்கு எடுத்த அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தில் அவன் சாதாரணச் சட்டையில்தான் நிற்கிறான்.

அதன் பிறகு, டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

80 நிமிடத்தில் நமக்கு எவ்வளவு?

விமானம் மாறுவதற்கு ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறைவான இடைவெளி உள்ள பயணத்தை ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். வியன்னா விமான நிலையம் 25 நிமிடத்தில் விமானம் மாறலாம் என்பதைப் பெருமையாக விளம்பரப்படுத்தியது. பெரிய நிலையங்களில், அதுவும் முனையம் மாற வேண்டுமென்றால், இந்த நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

“விற்கிறார்கள் என்றால் போதுமான நேரம் இருக்கும்” என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குறைந்தபட்ச நேரம், விமானம் சரியாக வந்து சேர்ந்தால், பயணி சுறுசுறுப்பாக நடந்தால் போதக்கூடிய நேரம். தாமதத்துக்கும் முழங்கால் வலிக்கும் அதில் இடமில்லை.

என் 80 நிமிடத்தையே பாருங்கள். புறப்படுவதற்கு 20 நிமிடம் முன்பு வாசலை மூடிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 60. பின்வரிசையிலிருந்து இறங்கிக் கட்டடத்துக்குள் வர 20 நிமிடம். மீதி 40. பாதுகாப்புச் சோதனைக்கு 15, நடைக்கு 15. கையில் மிஞ்சுவது 10 நிமிடம். கழிவறைக்குப் போய் வந்தால் அதுவும் தீர்ந்துவிடும். 40 நிமிடத் தாமதத்தை இந்தக் கணக்கு எங்கே தாங்கும்?

நம் கேஎல்ஐஏவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். முனையம் 1இன் ஏரோடிரெயின் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் துணைக் கட்டடத்துக்குப் பயணிகளைப் பேருந்தில்தான் கொண்டுபோனார்கள். இப்படிப்பட்ட விவரமெல்லாம் டிக்கெட்டில் தெரிவதில்லை.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்து, முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் அனுப்பிவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாமே இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நாம் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். டிக்கெட் பணம் போய்விடும். கடைசி நேர விலையில் புதிய டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. பினாங்கிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ மலிவுக் கட்டண விமானத்தில் முனையம் 2க்கு வருகிறோம். லண்டன் விமானமோ முனையம் 1இல். இரண்டுக்கும் நடுவே ரயிலில் சுமார் 3 நிமிடம்தான். ஆனால், பையை எடுக்கக் காத்திருக்க வேண்டும், ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், மறுபடியும் பையைப் பதிவுசெய்ய வரிசையில் நிற்க வேண்டும். நீண்டதூர விமானங்களுக்கான பதிவு முகப்பைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் ஐந்து, ஆறு மணி நேர இடைவெளி வைப்பது நல்லது. முந்தைய நாளே வந்து தங்குவது இன்னும் நல்லது.

வெளிநாட்டில் இப்படி மாறும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பையை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அந்த நாட்டுக்கு நமக்கு விசா தேவையா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா வழியாகப் போகிறவர்களுக்கு, ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் விசா கட்டாயம். முதலில் இறங்கும் அமெரிக்க நகரிலேயே பொதுவாகக் குடிநுழைவு, சுங்கச் சோதனைகளை முடித்து, பையை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் எடுக்க மாட்டேன்.

தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது?

டிக்கெட் வாங்கும்போது பெரும்பாலோர் கேட்காத கேள்வி இது. லண்டன் போன்ற பெரிய ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்து ஒரே நாளில் பல விமானங்கள் போகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் சில மணி நேரத்தில் இன்னொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. சிறிய ஊர்களுக்கு நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். பள்ளி விடுமுறைக் காலத்தில் அவையும் நிரம்பியிருக்கும். ஆகவே, கடைசியாகப் போகும் ஊருக்கு விமானங்கள் குறைவு என்றால், அந்த விமானத்துக்கு முன்னால் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உடன் வருபவர் யார்?

குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவருடைய வேகம்தான் குடும்பத்தின் வேகம். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்கலாம், கட்டணம் கிடையாது. பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்டவர்கள் பொதுவாக எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்கப்படுவார்கள். உதவியாளர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். நாற்காலி இருக்கிறதே, குறுகிய இடைவெளி போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களும் பால் கொடுக்க, உடை மாற்ற நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

நீண்ட காத்திருப்புக்கும் விலை உண்டு

அப்படியானால் எப்போதும் நீண்ட இடைவெளிதான் நல்லதா? அதுவும் இல்லை. நள்ளிரவில் இறங்கிக் காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பும் இடைவெளிதான் எனக்குப் பிடிக்காதது. வெளியே போய் அறை எடுக்க நேரம் பற்றாது. நாற்காலியில் உட்கார்ந்து கழிப்பதற்கோ அது மிக நீளம். விமான நிலைய உணவு விலையில் நான்கு பேர் இரண்டு வேளை சாப்பிட்டால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்த ரிங்கிட் அங்கேயே போய்விடும். பல பெரிய நிலையங்களில் குடிநுழைவைத் தாண்டாமலேயே தங்கக்கூடிய டிரான்சிட் ஹோட்டல்கள் உண்டு. அதன் கட்டணத்தையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு, எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

பகல் நேர இடைவெளி என்றால் கதை வேறு. சாங்கியில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருக்கும் பயணிகளுக்கு இலவச நகர்ச் சுற்றுலா இருக்கிறது. இஸ்தான்புல்லில் துருக்கிய விமான நிறுவனம், தன் பன்னாட்டுப் பயணிகளுக்கு 6 முதல் 24 மணி நேர இடைவெளியில் இலவசச் சுற்றுலா நடத்துகிறது. டோஹாவில் விமான நிலையத்திலிருந்தே நகருக்கு மெட்ரோ போகிறது. துபாயிலும் உண்டு, ஆனால் அது இரவு முழுவதும் ஓடாது. நாமாகவே வெளியே போவதென்றால், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் முயற்சி வேண்டாம். வெளியே வரவும் திரும்ப உள்ளே போகவுமே பாதி நேரம் போய்விடும்.

பன்னாட்டுப் பயணத்தில் 24 மணி நேரத்துக்கு உட்பட்ட இடைவெளிதான் டிரான்சிட். அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர் என்று கணக்கிடுவார்கள். கட்டணம் மாறலாம்.

தவறிவிட்டால்

அழுதுகொண்டு நிற்காமல், டிரான்சிட் முகப்பின் வரிசையில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் நிறுவனத்தின் செயலியிலோ தொலைபேசியிலோ முயலட்டும். உணவும் தங்குமிடமும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும், 5 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் பயணங்களுக்கு, ஒரே பதிவில் இருந்து கடைசி ஊரை 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை இழப்பீடு கேட்க இடமுண்டு. மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு அது பொருந்தாது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் கணக்கு

தனியாக, கைப்பையோடு, ஒரே டிக்கெட்டில், விமானங்கள் அதிகம் போகும் ஊருக்கு என்றால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பெரியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் மூன்று, நான்கு மணி நேரம். தனித்தனி டிக்கெட் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். திருமணம், பட்டமளிப்பு, நேர்முகத் தேர்வு என்று நமக்காகக் காத்திருக்காத ஒன்றுக்குப் போகிறோம் என்றால், இடைவெளி எவ்வளவு இருந்தாலும் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதுதான் சரி. அந்த ஒரு நாள் விடுப்பைத்தான் நான் அன்று மிச்சம் பிடித்தேன்.

சென்ற ஆண்டு தம்பியைப் பார்க்க அம்மாவும் நானும் மறுபடி போனோம். நடுவில் நான்கு மணி நேரம். அம்மா சக்கர நாற்காலியில் நிதானமாக வந்து சேர்ந்தார், காலை நீட்டி உட்கார்ந்தார், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் நேரம் இருக்குல்ல? ஒரு டீ குடிக்கலாமா?”

குடித்தோம். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது.