இழந்த பல்லும் எலும்பில் ஊன்றும் பல்லும்

பல் போனால் சொல் போகும் என்பர் நம் முன்னோர். சொல் மட்டுமன்று, உணவும் உடல் வலிவும் உடன் குறையும் என்பதை வயது முதிர்ந்த அங்கத்தினர் அனைவரும் அறிவர்.

அண்மையில் உறையூர்ப் பகுதியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, கீழ்வரிசையில் கடைவாய்ப் பற்கள் இரண்டு போய்விட்டன. எலும்பில் திருகாணி வைத்துப் பல் கட்டலாம் என்கிறார்கள். வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்தாவது செய்துகொள்ளலாமா?" என்று வினவினார். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. பின்னர் பல் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைப் பிற அங்கத்தினருக்கும் பயன்படும் பொருட்டு ஈண்டு எழுதுகிறேன்.

பல் போன இடத்தில் நிகழ்வது

மெல்லும்போது உண்டாகும் அழுத்தம் பல்லின் வேர் வழியாகத் தாடை எலும்பைச் சேர்கிறது. அவ்வழுத்தமே எலும்பைத் தேயாமல் காக்கிறது. பல் போனபின் எலும்பு சுருங்கத் தொடங்குகிறது. முதல் ஓராண்டிலேயே அவ்விடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடக்கூடும். பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்வரிசைப் பல் நீண்டு வருகிறது. ஆகையால், "ஒரு பல்தானே" என்று ஆண்டுக்கணக்கில் வாளாவிருப்பது நன்றன்று.

மூன்று வழிகள்

முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட்டு. செலவு குறைவு, ஆயின் கடினமான பண்டங்களை மெல்லுவதில் இயற்கைப் பல்லுக்கு ஈடாகாது. இரண்டாவது, பாலம். இருபுறத்துப் பற்களையும் அராவி, அவற்றின்மேல் உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்கச் செய்வது. நல்ல பற்களை அராவ வேண்டியிருப்பது இதன் குறை. மூன்றாவது, 'இம்பிளாண்ட்' எனப்படும் ஊன்றுபல்.

மூன்றாம் வழி பிறந்த கதை சுவையானது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வர் பிரோனேமார்க் என்பவர், 1952-ஆம் ஆண்டில் முயலின் எலும்பில் இரத்தவோட்டத்தைக் காணும்பொருட்டு டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தினார். பின்னர் அதனைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தமையைக் கண்டார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவ்வுலோகத்தால் ஆகிய ஆணிகளை ஊன்றினார். லார்சன் 2006-இல் காலமாகும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல், அவை உழைத்தன. டைட்டானியத்துக்கு மூலமான இல்மனைட், ரூடைல் என்னும் தாதுக்கள் நமது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடைக்கின்றன.

ஊன்றும் முறை

எக்ஸ்ரே முதலிய படங்களால் எலும்பின் அளவை அறிந்தபின், மரத்துப்போகும் ஊசியிட்டு, பெரும்பாலும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகாணியை எலும்பில் பதிக்கின்றனர். அதன்பின் காத்திருத்தல் வேண்டும். கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், மேல்தாடைக்கு ஆறு மாதம் வரையிலும் ஆகலாம். திருவரங்கத்து வாழை விவசாயி இதனை எளிதில் உணர்வார். நட்ட கன்றை அசைத்துக்கொண்டே இருந்தால் அது வேர் பிடிக்காது. எலும்பு பற்றியபின்னரே திருகாணியின்மேல் பல்லை அமைப்பர். தகுந்தவருக்குத் தகுந்த முறையில் ஊன்றியவற்றுள், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்தாண்டு கடந்தும் நிலைக்கின்றன.

கீழ்வரிசைப் பற்கள் முழுவதையும் இழந்தவர் பல்லுக்கொரு திருகாணி வைக்க வேண்டுவதில்லை. இரண்டு திருகாணிகளை ஊன்றி, அவற்றில் பல் செட்டை மாட்டிக்கொண்டாலே அது ஆடாமல் நிற்கும்.

எவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்?

சுருட்டுக்குப் பெயர்பெற்ற நமது ஊரில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகைப்பவருக்கு ஊன்றுபல் தோல்வியுறும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமும் ஈறுகளைக் கெடுப்பதோடு வாய்ப்புற்றுக்கும் காரணமாகும். நீரிழிவு கட்டுப்படாதவர் முதலில் அதனைக் கட்டுக்குக் கொணர வேண்டும். எலும்புத் தேய்வுக்கோ இரத்தம் உறையாமைக்கோ மருந்து உண்பவர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். திருகாணி சொத்தையாகாது என்பது உண்மை. எனினும் துலக்காது விட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெட்டு அது கழன்றுவிடும்.

பணம் செலுத்துமுன்

தனியார் மருத்துவமனையில் ஒரு பல்லுக்கே பல்லாயிரம் ரூபாய் ஆகிறது. கடன் பத்திரத்தைப் படித்துக் கையொப்பமிடுவது போல், இதிலும் கேட்டறிய வேண்டியவை உள:

1. சொன்ன தொகை திருகாணிக்கு மட்டுமா, மேலுள்ள பல்லும் அடங்கியதா?
2. எலும்பு போதுமா? போதாதெனில் எலும்பு சேர்க்கும் செலவு யாது?
3. திருகாணி பற்றாவிடில் மறுமுறை ஊன்றுவதற்குக் கட்டணம் உண்டா?
4. எனக்குப் பாலமோ பல் செட்டோ போதுமா?

புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் முதலில் காட்டி ஆலோசனை பெறலாம். 2023-இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டுள்ளது.

உறையூர் அன்பருக்கு நான் கூறிய விடை இதுவே: "சங்கிலியை இப்போது அடகு வைக்க வேண்டாம். முதலில் புகையிலையை விடுங்கள்; ஈறுகளுக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். காலந்தாழ்த்தினால் எலும்பு சிறிது குறையும் என்பது மெய்யே. ஆயினும் புகையிலையோடு ஊன்றிப் பல்லையும் பணத்தையும் ஒருங்கே இழப்பதினும் சில மாதத் தாமதம் மேலானது. அதுவரை கழற்றி மாட்டும் பல் உதவும். மாதந்தோறும் சங்கத்தில் சேமித்து வாருங்கள்."

அவர் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிவிட்டார். புகையிலையை விடுவதுதான் கடினமாக இருக்கிறதாம். அதிலும் வெல்வார் என்றே நம்புகிறேன்.